பிசைந்தால்தான் பாணா?

பாண் கடையில் வாங்கும் பொருள், வீட்டில் செய்யும் பொருள் அல்ல. யாழ்ப்பாணத் தீவகத்தின் சுருவிலில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் இதே பதில்தான். ஏன் என்று கேட்டால், மாவை அடித்துப் பிசைய ஆம்பிளைக் கை வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் வேண்டும் என்பார்கள். அதைத் தாண்டினாலும் போறணை இல்லாமல் எப்படி முறுகும் என்பார்கள். ஆட்டா மாவில் செய்யலாமே என்றால், "அது கல்லுப் போல வரும் பிள்ளை, பாணெண்டால் வெள்ளை மாதான்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள், நல்ல கைப்பக்குவம் உள்ள சமையற்காரிகளும் சொல்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூற்றுகளில் ஒன்றுகூட முழுமையாகச் சரியில்லை. எங்கள் குசினிகளில் நாளாந்தம் நடக்கும் வேலைகளே அவற்றைப் பொய்யாக்குகின்றன.

பிசைவதில் தொடங்குகிறேன், நம்பிக்கையின் அடி அங்கேதான் இருக்கிறது. கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து குளூட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. ஈஸ்ற் விடும் காற்றை அந்த வலை பிடித்து வைத்துக்கொள்வதால் பாண் பொங்குகிறது. வலை உண்டாகத் தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும். பிசைதல் அந்த நேரத்தைச் சுருக்கும், அவ்வளவுதான். மாவையும் தண்ணீரையும் கலந்து தாராளமான ஈரத்தோடு எட்டு, பத்து மணித்தியாலம் மூடி வைத்தால் புரதங்கள் தாமாகவே ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். மாவுக்குள் மெல்ல வளரும் காற்றுக் குமிழிகள் அந்த வலையை உள்ளிருந்தே இழுத்து நீட்டிவிடும். கை செய்ய வேண்டிய வேலையைக் குமிழிகள் செய்து முடித்துவிடுகின்றன.

இதற்கு ஆய்வுகூடச் சாட்சி தேவையில்லை. எங்கள் வீடுகளில் கோதுமை மாவை ஏன் அவிக்கிறோம்? துணியில் கட்டி, நீராவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்து வைத்த பிறகுதான் அந்த மாவில் பிட்டும் இடியப்பமும் செய்கிறோம். அவியாத மாவில் பிட்டுக் குழைத்தால் உதிராது, பசையாய் இழுபடும். அந்த இழுவை வரக்கூடாது என்பதற்காகவே சூட்டினால் அதைக் கெடுத்துவிடுகிறோம். பிட்டுக் குழைக்கும்போது யாரும் மாவைப் பலகையில் போட்டு அடிப்பதில்லை. தண்ணீர் தெளித்து விரலால் பிசிறுவதோடு சரி. அவ்வளவுக்கே இழுவை வந்துவிடும் என்று தெரிந்துதான் மாவை முதலிலேயே அவித்துவிடுகிறார்கள். இந்த இழுவைதான் பாணுக்கு வேண்டிய குளூட்டன். அதைக் கெடுக்கும் வழி தெரிந்த கைக்கு, கெடுக்காமல் விடும் வழியும் தெரிந்திருக்கத்தானே வேண்டும்? ரொட்டிக்குக் குழைத்த மாவை ஒரு மணித்தியாலம் ஊற விட்டால் எவ்வளவு இலகுவாய் விரிகிறது என்பதையும் எல்லா அம்மாக்களும் அறிவார்கள். ஊறும்போது அதை யார் பிசைந்தார்கள்?

அப்படியானால் பேக்கரியில் ஏன் அவ்வளவு பாடுபட்டுப் பிசைகிறார்கள் என்று கேட்பது நியாயம். அவர்களுக்கு நேரம் இல்லை. விடியற்காலையில் பாண் வண்டி புறப்பட முன் நூற்றுக்கணக்கான இறாத்தல் பாண் போறணையிலிருந்து இறங்கியாக வேண்டும். ஒரு தொட்டி மாவைப் பத்து மணித்தியாலம் சும்மா வைத்திருக்க அவர்களிடம் இடமும் இல்லை, காசும் இல்லை. ஆகவே ஈஸ்ற்றைக் கூட்டி, நன்றாகப் பிசைந்து, சில மணித்தியாலங்களில் வேலையை முடிக்கிறார்கள். போறணைச் சூட்டில் இரவெல்லாம் நிற்கும் அந்தத் தொழிலாளிகளின் உழைப்பை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர்கள் பிசைவது வியாபாரத்தின் தேவைக்காக. வீட்டில் ஒரு பாண் சுடுகிறவளுக்கு அந்தத் தேவை இல்லை. கடைக்காரரின் அவசரத்தைப் பாணின் இலக்கணமாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அந்த அவசரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1961 இல் பிரித்தானியா காட்டியது. சோர்லிவூட் என்ற ஊரில் இருந்த பேக்கரித் தொழில் ஆராய்ச்சி நிலையம், அதிவேக மெஷினால் சில நிமிடங்களுக்குள் மாவை அடித்து, நீண்ட நேரம் புளிக்க விடும் கட்டத்தையே இல்லாமல் செய்துவிட்டது. பஞ்சுபோன்ற, துண்டு வெட்டிப் பொலித்தீனில் அடைத்த வெள்ளைப் பாண் உலகமெங்கும் பரவியதில் அந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. நேரம் போனதோடு சுவையும் போயிற்று. மாவை அளவுக்கு மீறி அடித்தால் காற்றுப்பட்டு நிறம் வெளுத்து மணம் கெடும் என்று பிரான்சின் பாண் ஆசிரியர் ரேமொன் கல்வெல் எடுத்துக்காட்டினார். 1974 இல் அவர் சொன்ன வழி மிக எளியது. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணித்தியாலமளவில் சும்மா விடு, பிறகு பிசைய வேண்டிய நேரம் குறையும் என்றார்.

ஆட்டா மாவைப் பற்றிப் பேசும்போது பிரித்தானியாவின் டோரிஸ் கிராண்ட் என்ற பெண்ணை நினைக்காமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 இல் வெளிவந்த தன் நூலில், தவிடு நீக்காத முழுக் கோதுமை மாவில் பிசையாமல் செய்யும் பாணை அவர் எழுதினார். மா, உப்பு, கொஞ்சம் இனிப்பு, ஈஸ்ற், இளஞ்சூட்டுத் தண்ணீர். கலந்து, தகரத்தில் போட்டு, சிறிது பொங்கியதும் சுட வேண்டியதுதான். முழுக் கோதுமை மாவைப் பிசைய வேண்டிய அவசியமே இல்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. வீடு வீடாக அது பரவியது, இன்றும் 'கிராண்ட் பாண்' என்ற பெயரில் செய்கிறார்கள். இதில் ஒரு குறை உண்டு, அந்தப் பாணுக்கு மொறுமொறுப்பான மேல்தோல் வராது. அந்தக் குறையைத் தீர்த்தவர் நியூயோர்க்கின் சலிவன் வீதிப் பேக்கரிக்காரர் ஜிம் லேகி. 2006 நவம்பரில் மார்க் பிட்மன் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் அவருடைய முறையை எழுதினார். மூன்று கோப்பை மாவுக்குக் கால் தேக்கரண்டி ஈஸ்ற், நிறையத் தண்ணீர், 12 முதல் 18 மணித்தியாலம் வரை ஓய்வு, பிறகு நன்றாகச் சூடேறிய கனத்த சட்டிக்குள் போட்டு மூடிச் சுடுவது. தொழிற்பேக்கரிப் பாணுக்கு நிகரான முறுகல் சாதாரண வீட்டு அடுப்பில் வந்தது. தொழில் தெரிந்த ஒரு பேக்கரிக்காரரே பிசைய வேண்டாம் என்று சொன்னதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

வெள்ளைக்காரர் முறை எங்களுக்கு ஒத்துவராது என்று சொல்லப் போகிறவர்கள் அப்பத்தை நினைத்துப் பார்க்கட்டும். இரவு மாவைக் கரைத்து, கள்ளு விட்டு மூடி வைத்துவிட்டு உறங்குகிறோம். விடிய அது நுரைத்துப் பொங்கி இருக்கிறது. தாச்சியில் ஊற்றி மூடினால் நடு மென்மையாய் வெந்து, கரை மொறுமொறுவென்று முறுகி வருகிறது. பழைய முறையில் மூடியின் மேலும் சிரட்டைத் தணல் வைப்பார்கள். நுண்ணுயிரை வேலை செய்ய விடுவது, இரவை அதற்குக் கொடுப்பது, மேலும் கீழும் நெருப்பு வைத்து முறுகலை எடுப்பது எல்லாம் எங்கள் அம்மம்மாக்கள் யாரிடமும் படிக்காமல் செய்தவை. கோவாவின் பாண்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கள்ளைக் கொண்டுதான் கோதுமை மாவைப் பொங்க வைத்தார்கள். பனைகள் நிறைந்த தீவுகளில் இருந்துகொண்டு, மாவைப் பொங்க வைப்பது எங்களுக்கு அந்நியமான வித்தை என்று பேசுவது பொருந்தாது.

ஆட்டா மா கல்லாகிறது என்ற முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது. அது மாவின் குற்றமல்ல. கோதுமை மணியில் ஏறத்தாழ 83 வீதம் வெள்ளைச் சதை, 14 வீதமளவில் தவிடு, மீதி முளை. ஆட்டா மாவில் தவிடு கிடக்கிறது. தவிடு நிறையத் தண்ணீர் குடிக்கும், அதுவும் ஆறுதலாகக் குடிக்கும். கல்லில் அரைத்த ஆட்டாவில் மாப்பொருள் கூடுதலாக உடைந்திருப்பதால் அதுவும் தன் பங்குக்கு உறிஞ்சும். வெள்ளை மாவுக்கு விடும் அளவு தண்ணீரையே ஆட்டாவுக்கும் விட்டு, உடனே பிசைந்து, உடனே சுட்டால் தவிடு அரைகுறைத் தாகத்தோடு வலையை அறுத்துக்கொண்டு கிடக்கும். கல்லு வரத்தான் செய்யும். தண்ணீரைக் கூட்டி இரவு முழுக்க ஊற விட்டால் தவிடு நனைந்து மெத்தென்றாகி வலைக்குள் அடங்கிவிடும். ஆகவே பிசையாத முறை மற்ற எந்த மாவையும்விட ஆட்டாவுக்கே கூடப் பொருந்துகிறது. நீண்ட ஊறலில் தவிட்டிலுள்ள பைற்றிக் அமிலம் குறைவதால் இரும்பும் நாகமும் உடம்பில் சேர்வது இலகுவாகிறது என்பது இன்னொரு நன்மை. வெள்ளைப் பாணின் உயரம் இதற்கு வராது. வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. இது நீரிழிவுக்கு மருந்து என்றும் நான் சொல்லவில்லை, இதுவும் மாப்பொருள்தான். ஆனால் கடையில் மண்ணிறமாகத் தெரிவதெல்லாம் முழுக் கோதுமைப் பாண் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு, நிறம் எதற்கும் சாட்சி அல்ல என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் குழைத்த மாவில் என்ன இருக்கிறது என்பது குழைத்தவளுக்குத் தெரியும்.

இனிப் போறணை. அது செய்வது என்ன? தடித்த செங்கல் சுவர் சூட்டைப் பிடித்து வைத்து எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சீராகக் கொடுக்கிறது. நிறையப் பாண் ஒன்றாய் வேகும்போது எழும் நீராவி உள்ளே நின்று, மேல்தோல் முந்திக் காய்ந்து போகாமல் காக்கிறது. அதனால் பாண் முழுதாகப் பொங்க முடிகிறது. நீராவி போன பிறகு தோல் காய்ந்து, சிவந்து, முறுகுகிறது. மூடிய கனத்த சட்டிக்குள் இதெல்லாம் அப்படியே நடக்கும். ஈரமான மாவிலிருந்து எழும் ஆவியை மூடி வெளியே விடாது. போரால் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் பல வீடுகளில் கேக் எப்படிச் சுட்டார்கள் என்று மூத்தவர்களைக் கேளுங்கள். பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, கீழே நெருப்பும் மூடியின் மேல் தணலும் வைத்துத்தான். கேக் வெந்த அடுப்பில் பாண் வேகாது என்பதற்கு என்ன நியாயம்?

முறையைச் சொல்லாமல் மறுப்பை மட்டும் எழுதுவது அரைவேலை. 400 கிராம் ஆட்டா மா, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடிய உப்பு, அரைக்கால் தேக்கரண்டி ஈஸ்ற். 340 முதல் 360 மில்லிலீற்றர் வரை தண்ணீர். அகப்பையால் கலந்தால் போதும், காய்ந்த மா எங்கும் தெரியக்கூடாது. கலவை ரொட்டி மாவைவிட நன்றாக இளகி, கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மா சேர்க்கிறவர்கள்தான் பிறகு கல்லு என்று குறை சொல்கிறார்கள். நியூயோர்க்கின் 18 மணித்தியாலக் கணக்கை இங்கே அப்படியே எடுக்கக்கூடாது. அது 21 பாகை செல்சியஸ் அளவான அறைக்குச் சொன்னது. எங்கள் இரவுகள் அதைவிட நன்றாகச் சூடானவை, ஈஸ்ற் இங்கே இருமடங்கு வேகத்தில் வேலை செய்யும். அதனால்தான் அளவைப் பாதியாக்கினேன். இரவுச் சாப்பாடு முடிந்து மண்பானைக் குளிர்தண்ணீரில் குழைத்து மூடிவைத்தால் விடியும்போது, அதாவது ஏழு எட்டு மணித்தியாலத்தில், சரியாக இருக்கும். மேற்பரப்பு குமிழிட்டுப் பரந்திருக்க வேண்டும். நடு இறங்கிப் புளிமணம் தூக்கினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அடுத்த முறை இன்னும் குறைவாக ஈஸ்ற் போட வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தீவுக்காரர்களுக்கு ஒரு சொல். எங்கள் கிணறுகளில் பல உவர். உவர்த் தண்ணீரில் குழைத்தால் பாண் கரிக்கும், உப்பு ஈஸ்ற்றையும் மந்தமாக்கும். சாட்டிப் பக்கத்து நல்ல தண்ணீர் போல குடிக்க வைத்திருக்கும் தண்ணீரையே இதற்கும் எடுக்க வேண்டும். சற்று உவரான தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் போடும் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

காலையில் மாவைத் தவிடு தூவிய பலகையில் கவிழ்த்து, நான்கு பக்கத்தையும் நடுவுக்கு மடித்து, வாழையிலைத் துண்டில் தூக்கி வைத்து முக்கால் மணித்தியாலம் விடுங்கள். அந்த நேரத்தில் சட்டியையும் மூடியையும் சூடாக்குங்கள். மின்சார அவண் இருக்கிறவர்கள் 230 பாகையில் சட்டியோடு சூடாக்கி, மாவை இலையோடு உள்ளே இறக்கி, மூடி அரை மணித்தியாலம், திறந்து இன்னொரு கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட வைத்தால் முடிந்தது. விறகடுப்புக்காரருக்கு வழி கொஞ்சம் வேறு. கனத்த இரும்புச் சட்டி நல்லது. அடியில் காய்ந்த மணலோ மூன்று சிறு கல்லோ வைத்து அதன்மேல் ஒரு தட்டு, இல்லாவிட்டால் அடி கருகும். கீழே நெருப்பு மட்டாக இருக்கட்டும். மூடியின் மேல் சிரட்டைத் தணலோ ஊமல் கரியோ தாராளமாக வேண்டும், நிறமும் முறுகலும் மேலிருந்தே வருகின்றன. அரை மணித்தியாலம் சென்றதும் மூடியை ஒருமுறை தூக்கி ஆவியை வெளியே விட்டு, சிறு நீக்கல் இருக்கும்படி திரும்ப மூடிப் புதுத் தணல் போடுங்கள். அடியில் தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கும்போது பாண் வெந்துவிட்டது. சூடாக வெட்டக்கூடாது, ஒரு மணித்தியாலமாவது ஆற வேண்டும். ஆட்டாப் பாணின் உள் ஈரம் அப்போதுதான் அமரும்.

நேரம் இல்லை என்பது கடைசியாக வரும் வாதம். எல்லாவற்றிலும் பலவீனமானதும் இதுதான். கலக்க ஐந்து நிமிடம், மடிக்க ஐந்து நிமிடம், சுடும்போது ஒரு கண். மிச்சமெல்லாம் மாவின் நேரம், அது நாம் உறங்கும் நேரம். பிட்டு அவிக்கும் வேலையைவிட இது குறைவு. விலையைப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு இறாத்தல் பாணின் நிறை 450 கிராம் இருக்க வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2024 பெப்ரவரியில் வர்த்தமானி மூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. நிறை குறைந்த பாண் அவ்வளவுக்குச் சந்தையில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் 400 கிராம் ஆட்டாவில் சுட்ட பாண், சுட்டபின் 600 கிராமுக்கு மேல் நிற்கும்.

ஆம்பிளைக் கை வேண்டும் என்ற பேச்சு எனக்கு மிகவும் கோபம் தருவது. எங்கள் தீவுகளில் பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் இருக்க, பெரிய வீடுகளில் தனியே இருக்கும் மூத்த பெண்கள் எத்தனை பேர்! மூட்டு நோவோடு அவர்களால் மாவைப் பிசைய முடியாது என்பது உண்மை. அதனால் பாண் வண்டியின் பாட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறார்கள். வண்டி வராத நாளில் பாண் இல்லை. நெடுந்தீவில் கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் வெளியிலிருந்து எதுவும் வராது. சுட்ட பாண் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும், மாப் பையும் ஈஸ்ற் பைக்கற்றும் மாதக்கணக்கில் இருக்கும். 2022 இல் எரிவாயுவும் டீசலும் இல்லாமல் பேக்கரிகள் தடுமாறி, பாண் விலை மாதத்துக்கு மாதம் ஏறியபோது தீவுகளில் விறகும் சிரட்டையும் பனைமட்டையும் கிடந்தன. இல்லாதது, வீட்டில் சுடலாம் என்ற நம்பிக்கை ஒன்றுதான். அகப்பையால் கலக்க முடிந்த எந்தக் கையாலும் இந்தப் பாணைச் செய்ய முடியும்.

பாண் எங்கள் ஆட்களின் கைக்கு வராது என்று இன்னும் யாராவது சொன்னால் 2023 ஐ நினைவூட்டுங்கள். அந்த ஆண்டு பாரிஸ் நகரத்தின் மிகச் சிறந்த பகெற் பாணுக்கான பரிசை வென்றவர் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜா. பாரிஸின் இருபதாம் வட்டாரத்துப் பேக்கரி ஒன்றில் சுட்ட அவருடைய பாண் ஒரு வருடம் பிரெஞ்சு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் போனது. அவருடையது தேர்ந்த தொழிற் கை, வீட்டுப் பாணை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் அந்தச் செய்தியை முகநூலில் பகிர்ந்து பெருமைப்பட்ட எத்தனையோ பேர், பாண் எங்கள் குசினிக்கு உரியதல்ல என்று அடுத்த நிமிடமே சொல்லக்கூடியவர்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

இதை ஏற்காதவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாதத்தை வாதத்தால் முடிக்க வேண்டியதில்லை. அரைக் கிலோ ஆட்டா மாவும் ஒரு சிறு பைக்கற் ஈஸ்ற்றும் வாங்குங்கள். இரவு குழைத்து மூடிவிட்டு உறங்கப் போங்கள். காலையில் சுட்டு, ஆறவிட்டு, தேங்காய்ச் சம்பலோடும் பருப்போடும் வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுங்கள். அதன் பிறகும் பாணுக்குப் பிசைந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், வந்து சொல்லுங்கள்.